கோலம் வெட்டிய ரேடியேட்டர் பெட்டி

போன மே மாதம் ஒருவர் போன் செய்தார். வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்து சவுண்ட் மிக்ஸிங்கும் கொஞ்சம் வீடியோ வேலையும் செய்கிறவர். "லட்ச ரூபாய்க்கு மேல செலவு பண்ணி கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டேன் சார். பழைய ஃபேன் கூலரே தேவலாம்போல இருக்கு" என்றார்.

அவருடைய யோசனையில் தப்பு இல்லை. மைக் வைக்கிற அறையில் ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடுகிற ரேடியேட்டர், தண்ணீரை ஓட்டுகிற பம்ப், டேங்க் மூன்றையும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு வெளியே தனிப் பெட்டியில் அடைத்து, சுவரில் துளை போட்டு, இரண்டு டியூப் இழுத்துப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். ஒன்பது 120 மி.மீ. ஃபேன் மாட்டுகிற பெரிய ரேடியேட்டர். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து கக்குகிற 600 வாட் சூட்டுக்கு அது தாராளம். பெட்டியை அம்பத்தூரில் லேசர் கட்டிங்குக்குக் கொடுத்து, பவுடர் கோட்டிங் அடித்து வாங்கியிருந்தார். முன்பக்கத் தகட்டில் ஒரு சிக்குக் கோலம் வெட்டியிருந்தது. அழகான வேலை, ரசித்துப் பார்த்தேன்.

அறையின் சூடு 34 டிகிரி. கம்ப்யூட்டருக்கு முழு வேலை கொடுக்கிற வீடியோ ரெண்டர் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தண்ணீர் 54 டிகிரியில் நின்றது. நான்கு திருகைக் கழற்றி அந்தக் கோலத் தகட்டை மட்டும் எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். இருபது நிமிடத்தில் 44க்கு இறங்கியது.

தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை. சிப்பில் இருக்கும் சூட்டை ரேடியேட்டர்வரை சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதை வெளியே தள்ளுவது காற்று. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் போதும், 600 வாட்டுக்கு உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 3 டிகிரி வித்தியாசம்கூட வராது. ஆனால் "சூடு குறையலையே, இன்னொரு பம்ப் போடலாமா" என்பதுதான் என் கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி. பம்பில் குறையே இருக்காது. ஃபேனுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்.

கோலத் தகட்டில் மொத்தப் பரப்பில் திறந்த இடம் நூற்றுக்கு இருபதுகூடத் தேறாது. கட்டிங் கடையில் சாதாரணத் துளைத் தகடு கேட்டாலும் கவனம் வேண்டும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் துளை வருகிற மாதிரி, 3 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 6 மி.மீ. என்று அடித்தால் திறப்பு 23 சதவீதம்தான். அதே மாதிரி 5 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 7 மி.மீ. என்று அடித்தால் 46 சதவீதம் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தகடு ஃபேனை ஒட்டியிருந்தால் காற்று விசிலடிக்கும், குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். சத்தத்துக்குப் பயந்து வெளியே கொண்டுபோன பெட்டி விசிலடித்தால் என்ன பிரயோஜனம்?

அவருடைய பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. ரேடியேட்டரின் நான்கு ஓரத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. வெளியே போன சூட்டுக் காற்றில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத் திரும்பி வந்து ஃபேனுக்குள் போகிறது. ஊதுபத்தியைக் கொளுத்திச் சந்தருகே காட்டினேன், புகை உள்ளே இழுபட்டதை அவரே பார்த்தார். ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப்பால் நான்கு ஓரத்தையும் அடைத்தோம். சில நூறு ரூபாய் வேலை.

சூடு குறையாவிட்டால் மெஷின் மெதுவாகும், அவ்வளவுதான். பெட்டிக்குள் நான் பார்த்த அடுத்த விஷயம் அப்படிப்பட்டதல்ல. பம்புக்கும் ஃபேனுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டுக்குப் போடுகிற எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றுகிற பவர் சப்ளை) ஒன்றை, 230 வோல்ட் திருகு முனைகள் திறந்தபடி, டேங்குக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். வயரில் எர்த் இல்லை. மேலே ஒரு ஃபிட்டிங்கில் துளி கோத்து நின்றது. இரும்புப் பெட்டி, எர்த் இல்லாத கரண்ட், தண்ணீர். "பிளக்கைப் பிடுங்குங்க" என்றுதான் முதலில் சொன்னேன்.

வெளிப்பெட்டிக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் நுழையக் கூடாது என்பது என் கடையில் மாற்றமில்லாத விதி. அந்த 12 வோல்ட்டையும் கம்ப்யூட்டரின் சொந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே எடுப்பேன், பின்பக்க ஸ்லாட் வழியாக, திருகிப் பூட்டுகிற பிளக் வைத்து. கம்ப்யூட்டர் ஓடினால் பம்பும் ஓடும். தனி அடாப்டர் என்றால் அதற்குத் தனி சுவிட்ச், அதை அணைக்கத் தனியாக ஒரு ஆள். நம் வீடுகளில் அறையை விட்டு வெளியே வருகிறவர் கை தானாக சுவிட்ச் போர்டுக்குப் போகும். வேறொரு வாடிக்கையாளர் வீட்டில் இரவு முழுக்க ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், அம்மா வழக்கம்போல பம்பின் சுவிட்சை அணைத்திருக்கிறார். சிப் சூடேறித் தானே அணைந்துகொண்டதால் தப்பித்தது. அம்மா மேல் தப்பே சொல்ல முடியாது.

பம்ப் சுற்றுகிறது என்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். டேங்க் வற்றினாலும் அது சுற்றும், தண்ணீர்தான் அதற்கு மசகு என்பதால் கொஞ்ச நேரத்தில் தேய்ந்தும் போகும். தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற சென்சார் ஒன்றை மதர்போர்டில் மாட்டி, 50 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கும்படி வையுங்கள். இந்த வேலையில் அதிகம் புழங்கும் டி5 பம்புக்கே 60 டிகிரிதான் எல்லை. சென்னை வெயிலில் அது ஒன்றும் எட்டாத தூரம் கிடையாது.

வெயிலைச் சமாளிக்க, மீன் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் மெஷினை இணைக்கிறவர்களும் டேங்கில் ஐஸ் போடுகிறவர்களும் உண்டு. 32 டிகிரி சூடும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 26 டிகிரிக்குக் கீழே போகிற எதுவும் வியர்க்கும். ஜில்லென்ற சொம்பின் வெளிப்புறத்தில் கோக்கும் அதே நீர், இங்கே மதர்போர்டில் கோக்கும்.

அலுமினிய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று, சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிற செம்பு பிளாக்கோடு சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும் என்பது பக்கெட்டைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். டியூபில் பலர் கோட்டை விடுகிறார்கள். பளபளக்கும் மலிவு டியூபிலிருந்து வருடக்கணக்கில் ஏதோ கசிந்து, பிளாக்கின் தலைமுடி போன்ற இடுக்குகளில் வெள்ளைப் பசையாய் அடைத்துக்கொள்ளும். பல் தேய்க்கும் பிரஷ் வைத்து அரை நாள் தேய்த்திருக்கிறேன். கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் டியூபில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே தண்ணீர் தெரியாது என்பதால்தான் பலர் வாங்குவதில்லை.

எல்லாம் பூட்டியதும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காற்றடித்துப் பாருங்கள். அரை பார் அழுத்தம், அரை மணி நேரம், கேஜ் முள் அசையக் கூடாது. டேங்கின் தாங்குதிறன் அதைவிடக் குறைவு என்றால் அதற்குள் நிறுத்துங்கள். அதன்பிறகு தண்ணீர் விட்டு, கம்ப்யூட்டரை எழுப்பாமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வைப்பேன். மறுநாள் காலையில் பேப்பர் காய்ந்திருந்தால்தான் பவர் பட்டனைத் தொடுவது.

ஸ்டுடியோக்காரர் பெட்டியில் இப்போது 5 மி.மீ. துளைத் தகடு இருக்கிறது. சிக்குக் கோலத் தகட்டைத் தூக்கிப்போட அவருக்கு மனசில்லை. பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பூஜையறைச் சுவரில் மாட்டிவிட்டார். அந்த எல்.இ.டி. எஸ்.எம்.பி.எஸ். அங்கே பயன்பட்டது, இந்த முறை மூடி போட்டு, எர்த்தோடு.