துப்பாக்கியைத் தூக்க வைத்தது நோயா?

1966 ஜூலை 31 மாலை, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 25 வயது சார்லஸ் விட்மன் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தார். கொஞ்ச காலமாக விபரீத எண்ணங்கள் தன்னை வாட்டுவதாகவும், இறந்தபின் தன் உடலை அறுத்து ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும்படியும் அதில் கேட்டிருந்தார். விடிவதற்குள் தாயையும் மனைவியையும் கொன்றார். மறுநாள் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி ஒன்றரை மணி நேரம், கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார். கடைசியில் போலீஸார் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

பிரேதப் பரிசோதனையில் அவர் மூளைக்குள் ஒரு கட்டி இருந்தது.

மர்மம் விலகிவிட்டதாகத் தோன்றும். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியைக் கட்டி அழுத்தியிருக்கலாம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஆளுநர் அமைத்த நிபுணர் குழு அவ்வளவு தூரம் போகவில்லை: கட்டிக்குப் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் இதனால்தான் அது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. அதுவே நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். விட்மனின் கட்டி ஒரு வகை மூளைப் புற்றுநோய். அதே வகை அமெரிக்காவில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. அவர்கள் யாரும் கோபுரம் ஏறுவதில்லை.

மனநோய்க்கும் இதே கணக்குதான். கடும் மனநோய்கள் எல்லாம் நாளையே குணமானாலும் அமெரிக்காவில் வன்முறை சுமார் 4 சதவீதம்தான் குறையும் என்பது டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் காட்டும் மதிப்பீடு. ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் டிவியில் "மனநோயாளி" என்ற சொல் ஓடும்போது, மனச்சிதைவு உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தாய்க்கு எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளை பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் வேர் எங்கே? ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1966 முதல் நடந்த கூட்டக் கொலைகளைச் செய்தவர்களின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார்கள். பலருக்குச் சிறு வயதிலேயே ஆழமான காயம். பிறகு வேலை போவது, உறவு முறிவது என ஏதோ ஒரு நெருக்கடி. அதோடு சாகும் எண்ணம். "என் வாழ்க்கை கெட்டதற்கு இவர்கள்தான் காரணம்" என்று ஒரு கூட்டத்தின்மேல் பழி. முன்பு சுட்டவர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தல். இத்தனையும் சேர்ந்த நேரத்தில் கைக்கு எட்டிய தூரத்தில் துப்பாக்கி. இன்னொன்றும் கண்டார்கள்: ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் திட்டத்தை யாரிடமாவது முன்கூட்டியே வாய்விட்டிருக்கிறார்கள்.

விட்மனும் சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன், மான் வேட்டைத் துப்பாக்கியோடு கோபுரத்தில் ஏறி ஆட்களைச் சுடும் எண்ணம் வருவதாக ஒரு மனநல மருத்துவரிடமே சொன்னார். மருத்துவர் அடுத்த வாரம் வரச் சொன்னார், அவர் போகவில்லை. சம்பவ நாள் காலையில் கடைக்குப் போய் இரண்டு துப்பாக்கிகள் வாங்கினார், அதில் ஒன்று கடனுக்கு. அந்த எண்ணத்தைத் தெரிந்த ஒருவர் இருந்தும், விட்மன் கையில் துப்பாக்கி சேராமல் தடுக்க அன்று வழியில்லை.

அந்த வழியை 1999-இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் சட்டமாக்கியது: ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற அனுமதியோடு துப்பாக்கிகளைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம். நோயின் பெயர் தேவையில்லை, நடத்தையே போதும். ஃபுளோரிடாவில் 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டனர். சுட்ட இளைஞரைப் பற்றி ஜனவரியிலேயே எஃப்.பி.ஐ.க்குத் தொலைபேசியில் எச்சரிக்கை போயிருந்தது. அங்கே அந்தச் சட்டம் வந்தது மார்ச் 9 அன்று.