364 நாளில் இருந்த ஓட்டை

ஒரு வங்கி ஒரு நிறுவனத்துக்கு 100 யூரோ கடன் கொடுத்தால், நஷ்டத்தைத் தாங்க 8 யூரோ மூலதனம் ஒதுக்க வேண்டும். 1988-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூடிய வங்கி மேற்பார்வையாளர்கள் வகுத்த கணக்கு இது. வீட்டுக் கடனுக்கு அன்று அதில் பாதி போதும் என்றார்கள். அந்த 8 யூரோவை எப்படிக் குறைப்பது என்பதில் வங்கிகள் செலவிட்ட மூளை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு வழி, கடன்களைப் பத்திரமாக்கி விற்பது. ஆயிரக்கணக்கான கடன்களை மொத்தமாகத் தனி நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடுவார்கள். அது பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டும். பத்திரங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. மூன்று மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவர்கள் கட்டாமல் விட்டால் வெள்ளம் முதலில் தரைத்தளத்தில்தான் புகும். அங்கே இருப்பவருக்கு வட்டி அதிகம். மேல்மாடிக்காரருக்கு வட்டி குறைவு, நிம்மதியான தூக்கம். இந்தத் தளங்களுக்கு டிராஞ்ச் என்று பெயர். பிரெஞ்சில் அதற்குத் துண்டு என்றுதான் பொருள்.

ஆபத்து உண்மையிலேயே கைமாறினால் மூலதனம் குறைவது நியாயம்தான். கைமாறாமலே குறைந்ததுதான் வினை. கேட்கும்போது கடன் தருகிறேன் என்று வங்கி கொடுக்கும் வாக்குறுதி ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால், அதில் இன்னும் எடுக்கப்படாத தொகைக்கு மூலதனமே தேவையில்லை என்றது பழைய விதி. சரி, 364 நாளுக்கு வாக்குறுதி கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்? ஜெர்மனியில், டுஸ்ஸெல்டார்ஃபின் ஐகேபி வங்கி, ரைன்லாந்து ஃபண்டிங் என்ற அமைப்பை உருவாக்கி அதற்குக் கடன் வாக்குறுதி கொடுத்திருந்தது. அந்த அமைப்போ குறுகிய காலக் கடன் வாங்கி அமெரிக்க அடமானக் கடன் பத்திரங்களில் போட்டிருந்தது. 2007 ஜூலையில் அதற்குக் கடன் கிடைப்பது சிக்கலானதும் சுமை வங்கியின் தலையில் விழுந்தது. அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ முன்நின்று மீட்டது. அடுத்த மாதமே சாக்ஸன் மாநில வங்கிக்கும் ஏறக்குறைய அதே கதி.

அப்புறம் ஊசல் மறுபக்கம் போனது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கடனைப் பத்திரமாக்குபவர் ஆபத்தில் குறைந்தது 5 சதவீதத்தைத் தானே சுமக்க வேண்டும். விற்ற சரக்கில் தன் பணமும் இருந்தால்தான் பொறுப்பு வரும். எளிமையான, வெளிப்படையான, தரப்படுத்திய பத்திரங்களுக்குத் தனி முத்திரையும் சலுகையும் உண்டு.

இவற்றைவிடக் கனமானது, இத்தகைய பத்திரங்களை வைத்திருக்கும் வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரத்துக்குள் இருக்கும் ‘பி’ என்ற எண். 100 யூரோ கடனுக்கு 8 யூரோ என்றோம். அதே கடனைத் தளங்களாக வெட்டி, ஒவ்வொரு தளத்துக்கும் தனியே கணக்கிட்டுக் கூட்டினால், பொதுவான முறையில் ‘பி’ 1 என்பதால் தொகை சுமார் 16 ஆகிவிடும். முத்திரை பெற்றால் ‘பி’ 0.5, தொகை 12. கடன் அதேதான், கட்டுபவர்களும் அவர்களேதான். வெட்டியதற்கு அபராதம் மாதிரி. வெட்டும்போது மதிப்பீட்டுத் தவறு கூடும் என்பதால் ஏதோ ஒரு கூடுதல் தேவைதான். இரண்டு மடங்கு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. 2008 நெருக்கடியிலும் ஐரோப்பியக் கடன்களை வைத்து வெளியிட்ட பத்திரங்கள் அமெரிக்கப் பத்திரங்கள் அளவுக்கு நஷ்டம் தரவில்லை.

2025 ஜூன் 17 அன்று ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திருத்தங்கள் இந்தக் கணக்கைத் தளர்த்தப் பார்க்கின்றன. வங்கிகளின் மூலதனம் விடுபட்டால் தொழில்களுக்குப் புதுக் கடன் கிடைக்கும் என்பது வாதம். இப்போது கடனை விற்காமல், தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டு கீழ்த்தள நஷ்டத்துக்கு மட்டும் முதலீட்டு நிதிகளிடம் காப்பீடு மாதிரி ஒரு காப்பு வாங்கும் முறையும் பரவியிருக்கிறது. அந்த நிதிகளில் சில, கீழ்த்தளத்தில் போடும் பணத்தையே இன்னொரு வங்கியிடம்தான் கடன் வாங்குகின்றன.