மையத்து எண்ணை நம்பி ரிஃப்ளெக்டர் வாங்காதீர்கள்

ஒன்ராறியோவில் நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் மாறிவிடும். கோடை முழுதும் கொல்லைப்புறத்தில் தொட்டிகளில் நின்ற கறிவேப்பிலையும் மிளகாயும் உறைபனிக்கு முன்னரே வீட்டுக்குள் வந்து, நிலக்கீழறையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக, எங்கோ மலிவாகக் கிடைத்த 1000 வாட் சோடியம் விளக்கையும் காற்றால் குளிர்விக்கும் ரிஃப்ளெக்டர் ஒன்றையும் (விளக்கின் ஒளியைச் செடிப்பக்கம் திருப்பும் கூடு) வாங்கி வைத்துவிட்டு, இது நல்லதா, பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பது நல்லதா என்று கேட்பார்கள். உள்ளகப் பயிர்ச்செய்கைக்கு விளக்கு அமைப்பதும் அதை அளந்து பார்ப்பதும் என் தொழில் என்பதால், இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலை ஒருமுறை முழுமையாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. எல்இடி விளக்குகள் இத்தனை முன்னேறிய பிறகு இது பழங்கதை அல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் எல்இடிக்கு மாறிய வளர்ப்பாளர்கள் கழித்த பழைய சோடியம் விளக்குகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற சிறு வளர்ப்பாளர்கள்தாம்.

காற்றால் குளிர்விக்கும் ரிஃப்ளெக்டர் என்பது அடிப்படையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பளபளப்பான அலுமினியத் தகடு, நடுவில் கிடையாக மின்குமிழ், அடியில் இறுக்கி மூடிய கண்ணாடி, இரு பக்கமும் ஆறு அல்லது எட்டு அங்குலக் குழாய் பொருத்துவதற்கான வட்டத் துளைகள். ஒரு பக்கம் காற்று நுழைந்து, குமிழின் சூட்டை அள்ளிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். இந்த ஏற்பாடு உங்களுக்குத் தருவது குளிர்ச்சியை மட்டுமே. அது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. உண்மையில் கொஞ்சம் குறைக்கிறது. விற்பனைப் பேச்சில் மறைந்துபோவது இந்த ஒரு விடயந்தான்.

குறைப்பது அடியிலுள்ள கண்ணாடி. ஒளி செங்குத்தாக விழும்போதுகூட, சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதம் தெறித்துத் திரும்பும். மேற்பரப்பு, கீழ்ப்பரப்பு இரண்டையும் சேர்த்தால் 8 சதவீதம். சாய்வாக வரும் ஒளிக்கு இழப்பு இன்னும் கூடும்: 60 பாகைச் சாய்வில் இரண்டு பரப்பிலுமாக 16 சதவீதம் அளவுக்கும், 70 பாகையில் 30 சதவீதத்தை நெருங்கியும் போகும். திரும்பும் ஒளியில் ஒரு பகுதி தகட்டில் பட்டு மீண்டும் கீழே வரும் என்பது உண்மைதான்; ஆயினும் முழுவதும் வருவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, மூலையில் நிற்கும் செடிக்குப் போகவேண்டிய ஒளிதான் கண்ணாடியைச் சாய்வாகக் கடக்கிறது என்பது. ஆகவே கண்ணாடி எல்லாச் செடியிடமிருந்தும் சமமாக எடுப்பதில்லை, ஏற்கெனவே குறைவாகப் பெறும் மூலைச் செடியிடமிருந்தே அதிகமாக எடுக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஸ்காபரோவில் ஒரு பெரியவர் வீட்டில் இரண்டு ரிஃப்ளெக்டர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று ஒடுங்கியது, முகம் பார்க்கலாம் போல மினுங்கும் தகடு கொண்டது. மற்றது அகன்றது, சுத்தியலால் தட்டியதுபோல் சிறு குழிகள் நிறைந்த தகடு. ஒரே குமிழ், ஒரே பலாஸ்ட் (குமிழுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), கண்ணாடியிலிருந்து 60 சென்ரிமீட்டர் கீழே 1.2 மீட்டர் சதுரம். தரையில் நூல் கட்டி அந்தச் சதுரத்தை 36 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒளிமானியை வைத்து எழுதினேன். ஒடுங்கியதற்கு மையத்தில் ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1350 மைக்ரோமோல் காட்டியது (செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு இது). அகன்றதற்கு 900 மட்டுமே. பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது, ஏனெனில் அதிக விலை கொடுத்து வாங்கியது ஒடுங்கியதைத்தான்.

மூலைக் கட்டங்களில் ஒடுங்கியது 240-க்கு விழுந்தது. அகன்றது 430-இல் நின்றது. முப்பத்தாறு கட்டங்களையும் கூட்டிச் சராசரி பார்த்தபோது ஒடுங்கியதற்கு 610, அகன்றதற்கு 680. "தம்பி, நடுவிலை இவ்வளவு அடிக்குது, பிறகேன் இது கூடாது எண்டு சொல்லுறீர்?" என்று கேட்டார். "ஐயா, உங்கட மிளகாய்க் கண்டு எல்லாம் நடுவிலேயோ நிக்குது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, தொட்டிகளை எண்ணத் தொடங்கினார். நடுவில் நின்றவை இரண்டு.

ரிஃப்ளெக்டர் ஒளியை உண்டாக்குவதில்லை என்பதை நினைவில் வைத்தால் இது வியப்பாகத் தோன்றாது. குமிழ் கொடுப்பதைத் தகடு எங்கே அனுப்புகிறது, வழியில் எவ்வளவைத் தின்கிறது என்பதே கேள்வி. ஒளியை ஓரிடத்தில் குவிக்கும் வடிவம், மையத்தில் ஒரேயொரு அளவை எடுத்து விளம்பரப்படுத்துவதற்கு மிகவும் வசதியானது. அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது உங்கள் செடிகளைப் பற்றியதாக இல்லை, அவ்வளவுதான். தகட்டின் தரமும் இதில் சேரும். பல அடுக்குப் பூச்சுள்ள உயர்தர அலுமினியம் விழும் ஒளியில் 95 சதவீதத்தையும், சாதாரண மெருகிட்ட அலுமினியம் 86 சதவீதம் அளவையும் திருப்பி அனுப்பும். வேறுபாடு சிறிதாகத் தெரியும். ஆனால் மோசமான வளைவுள்ள பெட்டியில் ஒளி இருமுறை தகட்டில் பட்டே வெளியேறும்போது, உயர்தரத் தகட்டில் 90 சதவீதம் மிஞ்ச, சாதாரணத் தகட்டில் 74 தான் மிஞ்சும். குமிழின் மீதே ஒளியைத் திருப்பியடிக்கும் வடிவம் இன்னும் கெட்டது: குமிழின் உள்ளே ஒளி பிறக்கும் சிறு குழாயான வில்குழாய் மேலும் சூடாகி, விளக்கின் மின்னழுத்தம் உயர்ந்து, ஆயுள் குறையும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று பலர் பின்வாங்குகிறார்கள். லக்ஸ் மானி மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது, செடிக்கு உதவாது என்று படித்திருப்பார்கள். அது சரியான கூற்றே. பச்சை மஞ்சளை ஒட்டிய ஒளிக்குக் கண் அதிக மதிப்புக் கொடுப்பதால், சோடியம் விளக்கையும் எல்இடியையும் லக்ஸில் ஒப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும். ஆனால் ஒரே குமிழை இரண்டு ரிஃப்ளெக்டர்களில் மாற்றி மாட்டி ஒப்பிடும்போது ஒளியின் நிறக்கலவை மாறுவதில்லை. விகிதந்தான் நமக்கு வேண்டும். அதற்கு ஒரு சாதாரண லக்ஸ் மானி தாராளமாகப் போதும். சோடியம் ஒளியில் ஏறத்தாழ 82 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம் என்பதால் வகுத்தும் கொள்ளலாம். அதே கணக்கு சூரிய ஒளிக்கு 54. கைத்தொலைபேசியின் உணரியை மட்டும் நம்பவேண்டாம். சாய்வாக வரும் ஒளியை அது சரியாகக் கணக்கெடுப்பதில்லை, நம் சிக்கலோ முழுக்க முழுக்கச் சாய்வான ஒளியில்தான் இருக்கிறது.

புதுக் குமிழை நூறு மணி நேரம் எரித்த பின்னரே அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் சூடேற விட வேண்டும். காற்றாடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனெனில் அப்படித்தான் நீங்கள் அதைப் பயன்படுத்தப் போகிறீர்கள். கண்ணாடியைத் துடைத்த பிறகு அளவுங்கள். அதற்கு முன்னும் ஒருமுறை அளந்தால் நல்லது. நிலக்கீழறைக் காற்றை வடிகட்டாமல் உறிஞ்சும் பெட்டிகளின் உட்புறத்தில், துணி உலர்த்தியிலிருந்து பறக்கும் பஞ்சு படிந்து ஒரு சாம்பல் படலமே உருவாகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கக் கண்ணாடியை வாரந்தோறும் துடைப்பவர்கள்கூட உட்பக்கத்தைத் திறப்பதில்லை.

பெரியவர் வீட்டில் கடைசியாக ஒன்று செய்து பார்த்தோம். அகன்ற ரிஃப்ளெக்டரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் 36 கட்டங்களையும் அளந்தோம். மையம் 975, மூலை 500, சராசரி 755. மேலே சொன்ன கணக்கு அப்படியே நூல் சதுரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது: மையத்தில் 8 சதவீதம், மூலைகளில் 14 சதவீதம். வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தது. 1000 வாட் விளக்கு எந்த வடிவில் சக்தியை வெளியிட்டாலும் கடைசியில் அதில் பெரும்பங்கு அந்த அறையைச் சூடாக்கும் வெப்பமாகவே முடிகிறது. அதைக் காற்றாடி வைத்து வெளியே துரத்திவிட்டு, மேல்மாடியில் எரிவாயு உலையை எரித்து வீட்டைச் சூடாக்குவது என்ன கணக்கு என்று அவரே கேட்டார். யூலையில் இந்தக் கேள்விக்கு வேறு பதில். சனவரியில் நியாயமான பதில் ஒன்றே.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. ஆயிரம் வாட் வெப்பத்தை 10 பாகை செல்சியஸ் உயர்வுக்குள் அள்ளிச் செல்ல மணிக்கு ஏறத்தாழ 300 கனமீட்டர் காற்று வேண்டும். அத்தனை காற்றை நிலக்கீழறையிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளினால், அதே அளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அதே அறையில் இயற்கை இழுவையால் புகைபோக்கிவழி புகை வெளியேற்றும் பழைய எரிவாயு நீர்சூடாக்கி இருந்தால், அந்தக் காற்று புகைபோக்கி வழியாகவே இறங்கி, கார்பன் மோனொக்சைடை வீட்டுக்குள் கொண்டுவரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு வீட்டில் நீர்சூடாக்கியின் புகைக்குழாய் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தபோது, புகை உள்ளே இழுபடாமல் என் முகத்தை நோக்கி வந்தது. காற்றாடியை நிறுத்தியதும் திசை மாறியது. வெளிக்காற்றை நேரே குழாயில் எடுத்து, பெட்டி வழியாகச் செலுத்தி, நேரே வெளியே விடும் மூடிய பாதை இந்த ஆபத்தைத் தவிர்க்கும். ஆனால் கடுங்குளிரில் அந்தக் குழாய்மீது அறையின் ஈரம் நீராகப் படிந்து சொட்டும். நீர் சொட்டுமிடத்தில் பலாஸ்ட் இருக்கக்கூடாது. கார்பன் மோனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இல்லாத நிலக்கீழறையில் நான் காற்றாடி பொருத்துவதில்லை.

கண்ணாடியைக் கழற்றுவதற்கும் ஒரு வரம்பு உண்டு. உயரழுத்தச் சோடியம் குமிழைப் பொதுவாகத் திறந்த பெட்டியில் எரிக்கலாம். மெற்றல் ஹாலைட் என்ற இன்னொரு வகைக் குமிழ் அப்படியல்ல. திறந்த பெட்டிக்கென்று அதன்மீது குறிப்பிடப்படாவிட்டால் கண்ணாடி கட்டாயம், ஏனெனில் அதன் வில்குழாய் வெடிக்கக்கூடும், வெளிக்கூடு உடைந்தால் வரும் புறஊதா ஒளி கண்ணையும் தோலையும் சுடும். இரு முனைகளிலும் பிடிக்கப்படும் சோடியம் குமிழ்களோ நேர்க்காற்றுப் பட்டால் ஒளி குறையும் இயல்புள்ளவை; அவற்றைக் காற்றோடும் பெட்டிக்குள் போடுவதே வீண். 2014-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் பக்பியும் வெளியிட்ட ஆய்வில், அக்காலத்துச் சிறந்த எல்இடிக்கு இணையாக ஒரு யூல் மின்சக்திக்கு 1.7 மைக்ரோமோல் கொடுத்தவை இந்த இருமுனைக் குமிழ்களே. நம் கைக்கு மலிவாக வரும் திருகுத்தலைக் குமிழ்கள் அந்த அளவை எட்டுவதில்லை. எல்இடிகளோ அதன்பின் வெகுதூரம் போய்விட்டன.

பெரியவர் ஒடுங்கிய ரிஃப்ளெக்டரைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். அகன்றதைக் கண்ணாடியில்லாமல் தொங்கவிட்டு, சூடு உறைக்காமல் இருக்க 15 சென்ரிமீட்டர் உயர்த்தினோம். இலை மட்டத்தில் புறங்கையை ஒரு நிமிடம் வைத்திருக்க முடிகிறதா என்று அவரே பார்த்துக்கொண்டார். உயர்த்திய பிறகு சராசரி 690-க்கு இறங்கியது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மோல் (ஒரு மோல் பத்து இலட்சம் மைக்ரோமோல்). மிளகாய்க்கு 20 முதல் 30 வரை போதும். எனவே நேரமானியைப் பத்து மணிக்குக் குறைத்து, கழற்றிய கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி, "மே மாதம் பூட்டவும்" என்று ஒட்டுநாடாவில் எழுதி அலுமாரியின் பின்னால் வைத்தோம்.