எத்தனை விஏ இன்வெர்ட்டர் வாங்கலாம்? அதற்கு முன்னால் ஒரு கணக்கு

கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "மூணு பெட்ரூம் வீடு சார், எத்தனை விஏ போடலாம்?" என்பதுதான். விஏ என்பது இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கான அளவு. அறைகளை எண்ணி இன்வெர்ட்டர் வாங்க முடியாது. கரண்ட் போனதும் ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓட வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் இன்வெர்ட்டர். இரண்டாவதற்குப் பதில் பேட்டரி. மொட்டைமாடித் தொட்டியும் அதிலிருந்து இறங்கும் குழாயும் மாதிரி: குழாயை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் தொட்டியில் தண்ணீர் கூடாது. "பெரிய இன்வெர்ட்டர் போட்டால் ரொம்ப நேரம் வரும்" என்ற நம்பிக்கையில் பலர் பணத்தை வீணாக்குவதைப் பார்க்கிறேன்.

சமீபத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நுரையீரல் நோயாளியான அம்மாவுக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷின் வாங்கியிருந்தார்கள். ஏற்கெனவே 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்றும் இருந்தன. "இதிலேயே ஓடும்தானே?" என்று மகன் கேட்டார். ஓடும். ஆனால் எத்தனை நேரம் என்பதுதான் அந்த வீட்டில் உயிர்ப் பிரச்சினை.

கணக்கைப் பாருங்கள். அந்த மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 410 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 34 ஆம்பியர். 150-ஐ 34-ஆல் வகுத்து நாலரை மணி நேரம் என்று சொல்லிவிடாதீர்கள். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 ஏஹெச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. புது பேட்டரியே மூன்று மணி நேரம் தாண்டினால் நல்லது. மூன்று வருஷப் பழசு என்றால் இன்னும் குறையும். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி வரை கரண்ட் வராது. ஐந்து மணி நேரம்!

அதனால் அங்கே 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மாற்றி, ஒரே அளவில் இரண்டு புது 150 ஏஹெச் பேட்டரிகளைப் போடச் சொன்னேன். இழுக்கும் கரண்ட் 17 ஆம்பியராகப் பாதியாகிறது. சேமிப்பு இரட்டிப்பாவதோடு, மெதுவாக இழுப்பதால் ஒவ்வொரு பேட்டரியும் கூடுதலாகவும் தருகிறது. இந்த மெஷின் மட்டும் ஓடினால் ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கண்டிப்பாக, வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் மாடல்தான். கரண்டைச் சீரில்லாமல் வெட்டி வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் மாடலில் ஓட்டினால் ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும். மருத்துவ மெஷினை அதில் ஓட்டவே கூடாது.

சாதாரண வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சம், எல்இடி டியூப் 20, லேப்டாப் 65, வைஃபை ரூட்டர் 10. நாலு பழைய ஃபேன், ஐந்து டியூப், லேப்டாப், ரூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் 500 வாட் தாண்டாது. 900 விஏ என்று எழுதியிருந்தால் உண்மையில் கிடைப்பது சுமார் 700 வாட். விஏவும் வாட்டும் ஒன்றல்ல. வாங்கும்போது வாட் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

சிக்கல் வருவது மோட்டாரில்தான். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு கேட்கும். பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கி, ஃபுல் சார்ஜில் இருக்கும்போதே இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' காட்டி நின்றுவிடும். "பேட்டரி போச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் சிலவற்றில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ ஃபிரிட்ஜ் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் மாற்றியிருப்பார்கள். தண்ணி மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர் எதுவும் அந்த லைனில் வேண்டாம்.

சரி, எதற்கு வம்பு, எல்லாவற்றையும் பெரிதாகவே போட்டுவிடலாமா? பெரிய இன்வெர்ட்டர் லோடு இல்லாமல் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் பேட்டரியைத் தின்னும். ராத்திரி ஒரே ஒரு ஃபேனுக்காக அதை ஓட்டுவது நஷ்டம். சின்ன இன்வெர்ட்டரில் பெரிய பேட்டரியை மாட்டுவதும் தப்பு. 200 ஏஹெச் பேட்டரிக்கு 20 ஆம்பியர் அளவாவது சார்ஜிங் வேண்டும். அதில் பாதி கொடுக்கும் சார்ஜர் என்றால், அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் பேட்டரி நிறையாமலே கிடந்து சீக்கிரம் சாகும்.

கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்டில் 700 வாட் எடுத்தால், இழப்பையும் சேர்த்து அந்த ஒயரில் சுமார் 70 ஆம்பியர் ஓடுகிறது. ஒயர் மெலிசாக இருந்தாலோ, அதன் முனையில் பேட்டரியோடு இணைக்கும் உலோகத் துண்டான லக் லூசாக இருந்தாலோ டெர்மினல் கொதித்து உருகும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மாட்டி முடித்ததும், பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே மெயினை ஆஃப் செய்யச் சொல்லி, அந்த லைனில் உள்ள அத்தனையையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். லக் சூடாகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நோயாளி இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையின்போதும், அதற்குப் பிறகு எப்போதும், நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கட்டில் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.