பேட்டரி வேண்டாம் என்றால் முதலில் போட வேண்டிய கணக்கு

யாங்கோனில் உளுந்து, பயறு கிடங்குகளில் வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் சென்சார் பொருத்துவது என் தொழில். மே கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. கிடங்குக் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். மூட்டை அட்டியின் நடுவில் சூடு ஏறினால் உள்ளே வண்டோ பூஞ்சையோ வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூக்குக்குத் தெரியும் முன் சென்சார் சொல்லிவிடும். உயிரோடு இருந்தால்.

சில வருஷம் முன்பு ஒரு கிடங்கில் எட்டு சென்சார் மாட்டினேன். பேட்டரியே இல்லை, இருக்கிற வெளிச்சத்திலேயே ஓடும் என்று விற்கப்பட்டவை. சித்திரை வெயிலில் கதவைத் திறந்து வைத்துச் சோதித்தேன், எட்டும் பேசின. மழை வந்தது, கதவு மூடியது, புதுச் சரக்கு வந்து சுவரை ஒட்டி அட்டி ஏறியது. ஆகஸ்டில் முதலாளி போனில், "ஒங்க சென்சார் நல்ல பிள்ளை தம்பி, ஒரு மாசமா சத்தமே இல்ல" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. போய்ப் பார்த்தால் மூன்று செத்துக் கிடந்தன. அதில் ஒன்றின் பக்கத்து அட்டியில் கையை விட்டால் வெதுவெதுப்பு. அவர் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெளியே உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். கதவு திறந்த கிடங்கின் உள்ளே என் மீட்டர் காட்டியது 200. கண்ணுக்கு இரண்டும் பகல்தான், சோலார் செல்லுக்கு ஐந்நூறு மடங்கு வித்தியாசம். அட்டிக்குப் பின்னால் 10 லக்ஸ்கூடத் தேறவில்லை. அந்த அளவில் செல் தரும் மின்னழுத்தமும் விழுந்துவிடும், உள்ளிருக்கும் சர்க்யூட் கண் திறக்கவே திறக்காது.

கணக்கைப் போடுங்கள், கஷ்டமில்லை. சென்சார் ஒருமுறை ரேடியோவில் பேச 3.3 வோல்ட்டில் 40 மில்லிஆம்பியர், ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 132 மில்லிஜூல். கால் மணிக்கு ஒருமுறை பேசினால் சராசரி 147 மைக்ரோவாட். தூங்கும்போது 2 மைக்ரோஆம்பியர்தான் குடிக்கிறது, அது 7 மைக்ரோவாட்டுக்குள். ஆக, செலவெல்லாம் பேச்சில். வரவு? 200 லக்ஸில் 10 சதுர சென்டிமீட்டர் செல் ஏறக்குறைய 50 மைக்ரோவாட் தரும். கதவு திறந்திருப்பது எட்டு மணி நேரம். நாள் முழுக்கப் பரப்பினால் 17. தேவை 154, கையில் 17. இந்தக் கடையை எப்படி நடத்துவது?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உளுந்து அட்டி கால் மணியில் சூடாகிவிடாது, அதற்கு நாள்கணக்கு ஆகும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பேசினால் மொத்தத் தேவையே 13 மைக்ரோவாட். அந்த அளவுக்குக் குறைத்துவிட்டால் சாதாரண சிஆர் 2032 பட்டன் பேட்டரியே, பக்கத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரோடு, தாள் கணக்கில் ஆறு வருஷம் ஓடும். நடைமுறையில் பாதி வந்தாலும் எனக்குப் போதும். பேட்டரி இல்லாத சென்சார் கேட்டு வருகிறவர்களில் பலரிடம் நான் பேட்டரியே போடச் சொல்வது இதனால்தான். வியாபாரம் தெரியாதவன் என்று என் தம்பிக்கு என் மேல் வருத்தம்.

பேட்டரி ஆகவே ஆகாத இடமும் உண்டு. காவலாளி குடும்பம் பிள்ளைகளோடு கிடங்கிலேயே குடியிருந்தால் நான் பட்டன் பேட்டரி வைக்க மாட்டேன். பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். பேட்டரி கடிபட்டோ உடைந்தோ வரும் புண் அல்ல இது. ஈரம் பட்ட இடத்தில் மின்சாரம் ஓடிக் காரத்தை உண்டாக்குகிறது, அதுதான் சுடுகிறது. அப்படி ஏதும் நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் பொருளையும் சலிக்கும் மெஷின் மோட்டாரில் ஒட்டிப் பார்த்தேன். காஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, அழுத்தினால் மின்சாரம் வரும் அதே பீசோ வித்தைதான், 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது. நிமிஷத்துக்கு 1,440 சுற்றும் மோட்டார் விநாடிக்கு 24 முறை அதிரும். அதற்கென்றே சுருதி சேர்த்த தகடு அருமையாக வேலை செய்தது, கரண்ட் இருக்கும்வரை. இங்கே கரண்ட் போவதும், ஜெனரேட்டர் ஓடுவதும், பிறகு தெருவே "மீ லா ப்பி!" (கரண்ட் வந்துருச்சு!) என்று கத்துவதும் அன்றாடம். எங்கள் ஜெனரேட்டர் பாரம் ஏறினால் கொஞ்சம் இழுத்து ஓடும், அதிர்வு 23க்கு இறங்கும். ஒரே ஒரு எண், தகடு மௌனமாகிவிட்டது.

முதுகில் சோலார் ஒட்டிய பவர் பேங்க்கும் இதே கதைதான். 10,000 மில்லிஆம்பியர்ஹவர் என்றால் 37 வாட்ஹவர். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் 1 வாட் தந்தாலே பெரிது, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வெயில் என்றாலும் நிரம்ப ஒரு வாரம் போகும். அதற்குள் வெயிலில் காய்ந்து உள்ளே லித்தியம் கெடும். வீட்டில் கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள், சோலாரை அலங்காரம் என்று வையுங்கள்.

சரி, அந்தக் கிடங்குக்கு வருவோம். தகரக் கூரையில் வெளிச்சத்துக்காக விட்டிருந்த கண்ணாடி ஷீட்டுக்குக் கீழே செல்களை மாற்றி, அங்கிருந்து ஒயரை அட்டிக்கு இறக்கினேன். மேலே மழை நாளிலும் ஆயிரம் லக்ஸுக்குக் குறையவில்லை. இரவுக்கு சூப்பர் கெப்பாசிட்டர். பேச்சு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. முக்கியமானது இன்னொன்று: எந்த சென்சாராவது தொடர்ந்து இரண்டு முறை பேசாமல் இருந்தால் ஆபீஸில் இருக்கும் பெட்டி கத்தும்.

போன மழையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு முதலாளி போன். "பெட்டி கத்துது தம்பி, நாலாம் நம்பர்." போனேன். ஏணியில் ஏறிய பையன் மேலிருந்தே, "ஸயா (ஐயா), தூசி!" என்று கத்தினான். உளுந்துத் தூசி செல்லின் மேல் மாவு மாதிரி படிந்திருந்தது. லுங்கி நுனியால் ஒரு துடை துடைத்தான். மதியத்துக்குள் நாலாம் நம்பர் பேசிவிட்டது.