ஸ்லூப்னா ஒத்தப் பாய்மரப் படகாம்!

ஸ்லூப்-ஆஃப்-வார்ங்கற (sloop-of-war) போர்க்கப்பல் பேருக்கு, மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்புல "ஒற்றைப் பாய்மரப் போர்ப்படகு". இந்த வாட்டி மாட்டுனது ராட்லர். பிரிட்டிஷ் கடற்படை 1783ல எறக்குன கப்பல், 16 பீரங்கி, மூணு பாய்மரம். மூணுங்க!

ஸ்லூப் டச்சுக்காரங்க சொல்லு, அங்கேருந்து இங்கிலீஷுக்குப் போச்சு, அவ்ளோதான். பொதுவா ஒத்தப் பாய்மரப் படகத்தான் அப்படிச் சொல்லுவாங்க, அத மறுக்கல. ஆனா 18ஆம் நூற்றாண்டு கடற்படைல அது வடிவத்தோட பேரு இல்ல, நடத்துறவரோட பதவிய வச்சு வந்த பேரு. முழு கேப்டனுக்கு ஒருபடி கீழ இருக்குற கமாண்டர் கைல இருந்தா ஸ்லூப், மூணு மரமோ ரெண்டு மரமோ, எதிரி மேல கொளுத்தி விடுற தீக்கப்பல் கூட இந்தக் கணக்குலதான் வரும்.

ராட்லரையே பாருங்க. 1780கள்ல கரீபியன் கடல்ல, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கீழ, வில்ஃப்ரெட் காலிங்வுட்தான் கமாண்டர், சட்டத்த மீறி வியாபாரம் பண்ண வந்த அமெரிக்கக் கப்பல்கள மடக்குறது வேல. அப்புறம் கடற்படை கழட்டி விட, எண்டர்பிங்கற திமிங்கல வேட்டைக் கம்பெனிகிட்ட போய் திமிங்கல வேட்டைக் கப்பலாச்சு. 1793ல ஜேம்ஸ் கோல்னெட்ங்கற கடற்படை அதிகாரி அத ஓட்டிக்கிட்டு, தென்னமெரிக்காவோட தெக்கு முனையான கேப் ஹார்ன சுத்திப் பசிபிக் போனாரு, ஸ்பெர்ம் திமிங்கலம் எங்க மேயுது, ஸ்பெயின்காரன் துறைமுகத்துல போய் நிக்காம தண்ணி வெறகு எங்க ஏத்தலாம்னு தேடி, காலபகஸ் தீவுகளுக்கு மேப் போட்டு, 1794 கடைசில ஊர் திரும்பினாரு. அதே கட்டை, அதே மூணு மரம், ஆனா கடற்படைய விட்டதும் ஸ்லூப்ங்கற பட்டம் காலி. வடிவத்தோட பேருன்னா எப்படிங்க காலியாகும்?

தமிழ்ல என்ன போடலாம்னா, நம்ம கடற்கரைல ஏற்கனவே "சுலுப்பு"ன்னு புழங்குன சொல்லு இருக்கு. போர்ச் சுலுப்புன்னு போடுங்க, தீர்ந்துச்சு. உடனே "அது தமிழே இல்லியே"ன்னு தூய்மைவாதி ஒருத்தர் வருவாரு. ஐயா, ஜன்னல் சாவி அலமாரியெல்லாம் வீட்டுல வச்சுக்கிட்டு சுலுப்ப மட்டும் வாசல்லயே நிறுத்துவீங்களா? தூய தமிழ்தான் வேணும்னா "சிறு போர்க்கப்பல்"னு எழுதுங்க, தப்பில்ல. பாய்மரத்த எண்ணாம எழுதுனாப் போதும்.

அந்த மொழிபெயர்ப்பாளரே அடுத்த பாராவுல வேலர்ங்கறத (whaler) "திமிங்கலக்காரன்"னு வேற போட்டிருக்காரு. இங்கிலீஷ்ல அந்தச் சொல்லு திமிங்கலம் வேட்டையாடுற ஆளுக்கும் கப்பலுக்கும் பொதுவு, எதுன்னு வாக்கியத்தப் படிச்சாத் தெரியும், அகராதியத் தொறந்து மொத அர்த்தத்தப் பிடுங்கி ஒட்டுனா தெரியாது. இப்போ தமிழ்ல கோல்னெட் ஒரு ஆள் மேல ஏறி கேப் ஹார்ன சுத்துறாரு.