குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்: தெமாக்கின் கூரையைத் தாங்கும் நான்கு தூண்கள்

நடு ஜாவாவில் தெமாக் என்ற ஊரில் இருக்கும் பெரிய பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது. மூன்று சாய்கூரைகள் அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போய் ஒரு முடியில் முடிகின்றன. பாலித் தீவுக் கோயில்களின் மேரு கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் பிடிபட்டுவிடும். ஜாவாவை ஆண்ட இந்து-பௌத்த மஜபாகித் பேரரசு தளர்ந்து, ராடன் பத்தாவின் தலைமையில் தெமாக் சுல்தானகம் எழுந்த காலத்துக் கட்டடம் இது. தொழுகை புதிது, தச்சு மட்டும் அந்த மண்ணில் முன்பே ஊறியிருந்தது.

கட்டிய ஆண்டை மிஹ்ராபில், அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடத்தில், உள்ள ஆமை உருவம் சொல்வதாகக் கொள்கிறார்கள். தலை 1, கால்கள் 4, வட்ட உடல் 0, வால் 1. ஆக சக ஆண்டு 1401, அதாவது கி.பி. 1479.

சரி, அடுக்குக் கூரையால் என்ன பயன்? கூட்டம் நிறைந்த கூடத்தில் சூடேறிய காற்று மேலே எழும். அடுக்குகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாக அது வெளியேற, பக்கங்களிலிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. அதே இடைவெளியில் வெளிச்சமும் இறங்குகிறது. மழை மட்டும் நுழையாது. ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கின் மேல் நீண்டு கவிந்திருப்பதால் தண்ணீர் சரிந்து ஓடிவிடுகிறது.

கட்டடத்தின் உயிர்நாடி நடுவில்தான். உச்சிக் கூரையின் பாரத்தைச் 'சோகோ குரு' எனப்படும் நான்கு மரத்தூண்கள் ஏற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். சுற்றிலும் நிற்கும் குட்டையான தூண்கள் தாழ்ந்த அடுக்குகளைத் தாங்குகின்றன. ஜாவாவின் மரபுத் தச்சில் தூணை மண்ணில் புதைப்பதில்லை, கல்பீடத்தின் மேல் நிறுத்துவார்கள். ஈரமும் கரையானும் மரத்தில் எளிதில் ஏறாது. நிலம் குலுங்கும்போது தூண் கல்லின் மேல் சற்று அசைந்து கொடுக்கும். துளையில் முனையைச் செருகிக் கோத்த மூட்டுகளும் கொஞ்சம் நெகிழ்ந்து, அதிர்வின் வேகத்தை உராய்விலேயே கரைத்துவிடும். நிலநடுக்கம் அடிக்கடி வரும் தீவில் இந்த இளக்கம்தான் பெரிய பலம்.

நான்கில் வடகிழக்குத் தூண் தனி ரகம். அது ஒரே மரம் அல்ல. மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. 'சோகோ தாதல்' என்பார்கள். ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஞானிகளில் ஒருவரான சுனான் காலிஜாகா, நேரம் போதாமல் சிராய்களைத் திரட்டி ஒரே இரவில் செய்தார் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, உத்தி வியக்கவைக்கிறது. முழு மரத்தில் விரிசலோ முடிச்சோ இருந்தால் தூணே பலவீனமாகும். சேர்த்த தூணில் அந்தக் குறை ஒரு துண்டோடு நின்றுவிடும், பக்கத்துத் துண்டுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். இன்று பலகைகளை ஒட்டிப் பெரிய உத்தரங்கள் செய்வதும் இதே அடிப்படையில்தான்.

1980களில் நடந்த புனரமைப்பில் சோகோ குருவின் சிதைந்த பகுதிகளை எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தார்கள். எடுத்த பழைய துண்டுகளைத் தூக்கிப் போடாமல், பள்ளிவாசல் வளாகத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தெமாக் போகிறவர்கள் தொழுகைக் கூடத்தோடு திரும்பிவிடாமல் அதையும் அவசியம் பார்க்க வேண்டும்.